கொக்கியில் ஏறும் பாரம்

மேலூரில் விடிகாலை ஐந்தரை மணிக்கே கிளம்பிவிடுகிற வண்டிகளில் ஒன்று, தளம் போடப் போகும் செட்டு. முன்னால் ஒரு பிக்கப். அதன் தொட்டியில் சிமெண்ட் மூட்டை, இரும்புச் சட்டி, மண்வெட்டி, வைப்ரேட்டர், சென்ட்ரிங் தகடு. பின்னால் கொக்கியில் மாட்டிய மிக்சர் மிஷின் தன் சக்கரத்தில் தத்தித் தத்தி வரும். "அண்ணே, இன்னும் ஆறு மூட்டை கெடக்கு, ஏத்திக்கிருவமா?" என்று லோடுமேன் குரல் கொடுக்கிறார். டிரைவர் இறங்கிவந்து பின் டயரை ஓர் உதை உதைத்துப் பார்க்கிறார். "ஏத்துப்பா, வண்டி நல்லா இழுக்கும்."

இழுக்கும், சந்தேகமில்லை. இன்றைய டீசல் இன்ஜின்கள் எதையும் இழுத்துவிடும். அவர் கேட்காமல் விட்டது வேறு கேள்வி: பின் ஆக்சில் தாங்குமா?

பிக்கப் வாங்குகிறவர், வாடகைக்குப் பிடிக்கிறவர், ஓட்டுகிறவர் என்று எல்லோரும் முதலில் விசாரிப்பது இழுவையைத்தான். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பிக்கப்புக்குப் பின்னால் கேம்பர் டிரெய்லரை மாட்டிக்கொண்டு குடும்பத்தோடு ஊர் சுற்றப் போகிறவர்களும் அங்கேதான் சறுக்குகிறார்கள். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது இழுவைத் திறன். கதவோரத்து ஸ்டிக்கரில் சின்ன எழுத்தில் இருப்பது சுமைத் திறன். முதலில் தீர்ந்துபோவது பெரும்பாலும் சின்ன எழுத்தில் இருப்பதுதான். அங்கே இழுத்துப் போவது படுக்கையும் சமையலறையும் கொண்ட சக்கர வீடு. மேலூர்ப் பக்கம் மிக்சர் மிஷின், கம்ப்ரெசர், திருவிழா ஜெனரேட்டர். இழுபடும் பொருள் எதுவானாலும் ஆக்சிலில் இறங்கும் கணக்கு ஒன்றுதான்.

முன்பாரம்

மாட்டுவண்டி ஓட்டிய தலைமுறைக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. மூட்டைகளை முன்னால் தள்ளி அடுக்கினால் வண்டி முன்பாரமாகி நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். நாலு நாளில் கழுத்து புண்ணாகிவிடும். பின்னால் தள்ளி அடுக்கினால் பின்பாரம். நுகத்தடி மேலே தூக்கிக்கொள்ள, பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். கொஞ்சம் முன்பாரமாக, அதையும் அளவோடு வைத்துக் கட்டுவதில் இருந்தது வண்டிக்காரரின் கெட்டிக்காரத்தனம். நடுவில் அச்சு கொண்ட டிரெய்லருக்கும் இதே விதி. டிரெய்லரின் எடையில் பெரும்பகுதியை அதன் சக்கரங்கள் தரையில் இறக்கிவிடுகின்றன. மிச்சம் ஒரு பங்கு கொக்கியின் வழியாக இழுக்கிற வண்டியின் முதுகில் உட்காருகிறது. அந்தப் பங்கு பிக்கப்பின் சுமைக் கணக்கில்தான் சேரும். டிரெய்லரின் கணக்கில் எழுதித் தப்பிக்க வழியில்லை.

அமெரிக்க வழக்கப்படி, பந்துக் கொக்கியில் மாட்டும் டிரெய்லருக்கு மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு முன்பாரம் இருக்க வேண்டும். பிக்கப்பின் தொட்டிக்குள்ளேயே கொக்கி வைத்து மாட்டும் பெரிய வகைக்கு 15 முதல் 25 விழுக்காடு. ஐரோப்பாவில் கார் இழுக்கும் கேரவன்களுக்கு இதைவிடக் குறைவு; 75, 100 கிலோ என்று கொக்கிக்கே ஓர் உச்சவரம்பு குறித்திருப்பார்கள். முன்பாரம் வேண்டாம் என்று டிரெய்லரின் பின்பக்கம் சாமானைத் தள்ளி வைத்தால் வேறு வம்பு வரும். வேகம் பிடித்ததும் டிரெய்லர் இடமும் வலமும் ஆடத் தொடங்கும். ஆட்டம் வளர்ந்தால் இழுக்கிற வண்டியையும் சேர்த்துப் புரட்டிவிடும். ஆகவே முன்பாரத்தை ஒழிக்கவும் முடியாது, ஓசியில் ஏற்றவும் முடியாது.

இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. இதைப் பலரும் கவனிப்பதில்லை. கொக்கி இருப்பது பின் ஆக்சிலுக்கு மேலே அல்ல, அதற்கும் பின்னால் ஒரு மீட்டருக்கு மேல் தள்ளி. ஒரு வண்டியின் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் 3 மீட்டர் இடைவெளி, பின் ஆக்சிலிலிருந்து கொக்கி 1.2 மீட்டர் பின்னால் என்று வைத்துக்கொள்வோம். கொக்கியில் 150 கிலோ இறங்கினால் பின் ஆக்சிலில் ஏறுவது 150 அல்ல, 210 கிலோ. கூடுதல் 60 கிலோ எங்கிருந்து வந்தது? முன் ஆக்சிலிலிருந்து. முன்சக்கரங்கள் 60 கிலோ லேசாகிவிடுகின்றன. ஸ்டியரிங் பஞ்சு மாதிரி திரும்புவதும், ஹெட்லைட் மேலே தூக்கி எதிரே வருகிறவர் கண்ணைக் கூசவைப்பதும், பிரேக் அடித்தால் முன்சக்கரம் சட்டென்று பிடிக்காததும் இதனால்தான். ராத்திரியில் எதிர்வண்டிக்காரர்கள் திரும்பத் திரும்ப டிம்-பிரைட் அடித்துக் காட்டினால் பல்பைக் குறை சொல்லும் முன் கொக்கியைப் பார்க்க வேண்டும்.

ஆர்.சி.யில் இருக்கும் இரண்டு எண்

சுமைத் திறன் என்பது ஷோரூமில் வாய்வார்த்தையாகச் சொல்லும் எண் அல்ல. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் இரண்டு எடைகளை வரையறுக்கிறது. ஒன்று வெற்று எடை: வண்டியும் அதோடு வழக்கமாக இருக்கும் சாதனங்களும், டிரைவரும் கிளீனரும் இதில் சேர மாட்டார்கள். மற்றது மொத்த எடை: வண்டியும் பாரமும் சேர்ந்து இவ்வளவுதான் என்று பதிவு அதிகாரி சான்றளித்தது. இரண்டும் ஆர்.சி.யில் இருக்கும். மொத்த எடையில் வெற்று எடையைக் கழித்தால் வருவதுதான் சுமை. டிரைவரின் உடம்பு எடையும் அந்தச் சுமையில் அடக்கம். எண்பது கிலோ டிரைவர் ஏறி உட்கார்ந்த கணத்திலேயே ஒன்றரை மூட்டை சிமெண்ட் ஏறியாகிவிட்டது.

ஆர்.சி.யின் எண் எழுதப்பட்ட நாளுக்குப் பிறகு வண்டி சும்மா இருப்பதில்லை. தொட்டிக்கு உயரமாக இரும்புக் கிராதி, மேலே கேரியர், தார்ப்பாய்க்கு வளைவுக் கம்பி, அடியில் டூல் பெட்டி, பின்னால் ஒரு கனமான பம்பர், அதில் கொக்கி. பட்டறையில் ஒவ்வொன்றாகச் சேர்ந்து நூறு கிலோவைச் சுலபமாகத் தாண்டும். அத்தனையும் சுமையிலிருந்து போவதுதான். வெறும் வண்டியை ஒருமுறை எடை போட்டு ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் பார்த்தால் பல உரிமையாளர்களுக்கு ஆச்சரியம் காத்திருக்கும்.

வண்டிக்கு வண்டி எண் மாறுகிறது. 2005-இல் வந்த டாடா ஏஸ் முக்கால் டன் வண்டி. ஊரே அதைக் குட்டி யானை என்று கூப்பிடுவதால் யானைக்குரிய பாரத்தையும் அதன் தலையில் கட்டுகிறது. 2011-இல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்த் ஒன்றேகால் டன். மகிந்திரா பொலேரோ பிக்கப்பில் 1.3, 1.7 என்று பெயரிலேயே டன் கணக்கு ஒட்டியிருக்கும். 2022-இல் டாடா கொண்டுவந்த யோதா 2.0 இரண்டு டன். இந்த வரிசையில் சேராத இனம் ஒன்று உண்டு: டொயோட்டா ஹைலக்ஸ், இசுசு வி-கிராஸ் போல ஐந்து பேர் சொகுசாக உட்காரும் பிக்கப்கள். விலை பல மடங்கு, இன்ஜின் ராட்சசன், உருவமும் மிரட்டும். ஆனால் பாரம் என்று வந்தால் குறைந்த விலையில் கிடைக்கும் சரக்கு பிக்கப்பின் பக்கத்தில்கூட நிற்காது. கேம்பர் இழுக்க ஆசைப்படுகிறவர்கள் தேடிப் போவது பெரும்பாலும் இந்த இனத்தைத்தான்.

தராசு இல்லாமலே போடும் கணக்கு

ஏற்றும் பொருளின் எடை மனசில் இருந்தால் பாதிச் சிக்கல் தீரும். மேலூர் வட்டாரத்தில் அடிக்கடி ஏறும் சாமான்களுக்கு இதோ ஒரு மனக்கணக்கு.

சிமெண்ட் மூட்டை 50 கிலோ; இருபது மூட்டை ஒரு டன். அரசு நெல் கொள்முதல் நிலையத்தின் மூட்டை 40 கிலோ. இருபத்தைந்து மூட்டை ஒரு டன். கட்டுக்கம்பிக்குக் கொத்தனார்கள் போடும் சூத்திரம் ஒன்று இருக்கிறது: கம்பியின் மில்லிமீட்டர் கனத்தை அதாலேயே பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். பன்னிரண்டு எம்.எம். கம்பி, 12 மீட்டர் நீளம் என்றால் ஏறக்குறைய பத்தே முக்கால் கிலோ.

மணலில்தான் பெரிய ஏமாற்றம். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. காய்ந்த எம்-சாண்டே ஏறத்தாழ நாலரை டன் நிற்கும். நனைந்திருந்தால் இன்னும் கூடும். கால் யூனிட் ஒரு டன்னுக்கு மேல். "கால் யூனிட்தானே, குட்டி யானையில அடிச்சு விட்ருங்க" என்று போனில் சொல்கிறவர், முக்கால் டன் வண்டியில் ஒன்றரை மடங்கு பாரத்தை ஏற்றச் சொல்கிறார். அரை யூனிட் என்றால் 1.7 டன் பிக்கப்புக்கும் மிஞ்சிய சுமை. தண்ணீர் இன்னும் எளிது: லிட்டருக்கு ஒரு கிலோ. கோடையில் ஆயிரம் லிட்டர் தொட்டியை நிரப்பிக்கொண்டு தெருத்தெருவாகப் போகும் டாடா ஏஸ் ஒவ்வொன்றும் தொட்டியின் எடையை விட்டுவிட்டாலும் கால் டன் கூடுதலாகச் சுமக்கிறது. தொட்டி பாதியாகக் குறைந்ததும் தண்ணீர் அலைமோதி வளைவில் வண்டியைச் சாய்க்கப் பார்க்கும். குறைந்த பாரம் என்று அங்கே அசட்டையாக இருக்க முடியாது.

அப்புறம் கல். கீழவளவுப் பக்கக் குவாரிகளின் இரைச்சல் 2012-க்குப் பிறகு அடங்கிவிட்டாலும், அறுத்த கிரானைட் பலகை வீடுகளுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறது. 20 எம்.எம். கனமுள்ள பலகை ஒரு சதுர அடி சுமார் 5 கிலோ. நூற்றைம்பது சதுர அடியிலேயே குட்டி யானையின் முக்கால் டன் முடிந்தது. சமையல் மேடைக்கும் மாடிப்படிக்கும் வாங்குகிற சாதாரண வீட்டுக்காரரின் கல்லே இந்த அளவைத் தொட்டுவிடும். பலகைகளை நிமிர்த்திச் சாய்த்துக் கொண்டுபோவதால் பாரம் உயரத்திலும் நிற்கிறது. தொட்டியின் ஒரு பக்கம் மட்டும் அடுக்கினால் அந்தப் பக்கத்து ஸ்பிரிங் பட்டையும் டயரும் தனியாகப் பழி சுமக்கும்.

தை மாதத்துக்கென்று ஒரு சுமை இருக்கிறது. அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் வாடிவாசல்களை நோக்கி வரும் பிக்கப்களில் நிற்கும் காளைகள். எடையில் இவை பெரும்பாலும் வரம்புக்குள் அடங்கிவிடும். ஆனால் இந்தச் சுமை தானாக இடம் மாறும். மிரண்டு பின்னால் சாய்ந்தால் முன்சக்கரம் லேசாகும். மத்திய மோட்டார் வாகன விதிகள் மாட்டுக்குத் தலைக்கு 2 சதுர மீட்டர் இடம் கேட்கின்றன. சாதாரணப் பிக்கப் தொட்டியில் இரண்டு காளைக்கு மேல் நிறுத்த இடமிருக்காது.

விடிகாலை செட்டுக்குத் திரும்பினால்

அந்த மிக்சர் செட்டுக்குக் காகிதத்தில் ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். வண்டி 1,700 கிலோ சுமைக்காரன். டிரைவரும் மேஸ்திரியும் 140. கிராதி, பம்பர், டூல் பெட்டி 90. சிமெண்ட் இருபது மூட்டை 1,000. தகடு, வைப்ரேட்டர், சட்டி, மண்வெட்டி 250. இதுவரை 1,480. மிக்சர் 1,200 கிலோ என்று கொண்டு 12 விழுக்காடு முன்பாரம் போட்டால் 144. மொத்தம் 1,624. வரம்புக்குள் 76 கிலோ பாக்கி. சபாஷ்.

ஆனால் லோடுமேன் கேட்ட ஆறு மூட்டை? 300 கிலோ. அதை ஏற்றிய உடனே 224 கிலோ மிஞ்சிவிட்டது. பிறகு சித்தாள்கள் ஆறு பேர் தகட்டின் மேல் ஏறி உட்காருகிறார்கள். இன்னும் ஒரு 350 கிலோ. வண்டி அதையும் இழுத்துக்கொண்டு சிவகங்கை ரோட்டில் ஜம்மென்று போகும். அதனால்தான் இந்தத் தப்பு யார் கண்ணிலும் படுவதில்லை. இன்ஜின் முனகியிருந்தால் யாராவது இரண்டு மூட்டையை இறக்கியிருப்பார்கள்.

ஆட்களை ஏற்றுவதில் எடையைவிடப் பெரிய ஆபத்து வேறு. சரக்கு வண்டியின் தொட்டியில் ஆள் ஏற்றக் கூடாது. சரக்கின் சொந்தக்காரரோ அவருடைய பிரதிநிதியோ கூடப் போவதைச் சட்டம் ஏற்கிறது. சும்மா தொற்றிக்கொண்டு போகிற பயணிக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பல்ல என்று ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002-இலேயே சொல்லிவிட்டது. விபத்து நேர்ந்தால் இழப்பீடு வண்டிக்காரரின் சொந்தச் சொத்தில் வந்து விடியும்.

இப்போது கேம்பருக்கு வருவோம். ஐந்து இருக்கை பிக்கப் ஒன்றுக்குச் சுமை 450 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். பெரியவர்கள் நாலு பேர் 280. துணிமணி, ஐஸ் பெட்டி, அடுப்பு, பாத்திரம் 80. கொக்கிச் சட்டம் 25. சேர்த்து 385. மிச்சம் 65 கிலோ. இழுக்கப் போகிற கேம்பர் 1,500 கிலோ. 11 விழுக்காடு முன்பாரம் 165. அதாவது நூறு கிலோ மிஞ்சுகிறது. அந்த வண்டியின் புத்தகத்தில் இழுவைத் திறன் 3,000 கிலோவுக்கு மேல் போட்டிருக்கலாம். பாதி இழுவையைத் தொடும் முன்பே முதுகு நிறைந்துவிட்டது. ஆஸ்திரேலியாவில் ஹைலக்ஸின் சில வகைகளுக்கு, பிரேக் உள்ள டிரெய்லர் என்றால் 3,500 கிலோ வரை இழுக்க அனுமதி உண்டு. பத்து விழுக்காடு முன்பாரம் என்றால் 350 கிலோ. அங்கே டிரெய்லரையும் வண்டியையும் சேர்த்த மொத்த எடைக்கு மூன்றாவதாக ஓர் உச்சவரம்பும் இருப்பதால், டிரெய்லரை முழுசாக நிரப்பினால் வண்டியை முழுசாக நிரப்ப முடியாது. இழுவை எண்ணை ஆளாளுக்கு ஊதிப் பெருக்கிய காலமும் அமெரிக்காவில் இருந்தது. எல்லோரும் ஒரே மாதிரி சோதிப்பதற்கென்று வாகனப் பொறியாளர்களின் எஸ்.ஏ.இ. அமைப்பு 2008-இல் ஜே-2807 என்ற முறையை வகுத்தது. டொயோட்டா அதை 2011 மாடல்களிலிருந்து பின்பற்றியது.

பட்டை ஏற்றினால் ஆகுமா?

பின்பக்கம் உட்கார்ந்துபோன வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோனால் கிடைக்கும் மருந்து ஒன்றுதான்: "ரெண்டு பட்டை ஏத்திருவோம்ணே, அப்புறம் என்ன வேணாலும் அடிக்கலாம்." ஏற்றியதும் வண்டி நிமிர்ந்து நிற்கும். நிமிர்ந்து நிற்பதே பெரிய மோசடி. பட்டை பலப்பட்டதே ஒழிய ஹவுசிங், பேரிங், ஆக்சில், பிரேக், டயர், சேசிஸ் எல்லாம் பழையபடிதான். முன்பு வண்டி உட்கார்ந்து எச்சரிக்கை கொடுத்தது; இப்போது அந்த எச்சரிக்கையும் போய்விட்டது. ஆர்.சி.யில் எழுதிய மொத்த எடையும் ஒரு கிலோகூட மாறவில்லை. உற்பத்தியாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்கிற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு வேறு தலைக்கு மேல் நிற்கிறது.

கொக்கியை எங்கே வைக்கிறார்கள் என்பதையும் நின்று பார்க்க வேண்டும். பின் பம்பரில் ஒரு தகட்டை வெல்டு வைத்து, ஓட்டை போட்டு, பின் சொருகிவிடுவது வழக்கம். பம்பர் முட்டுக்கு வைத்தது, இழுவைக்கு அல்ல. கொக்கிச் சட்டம் சேசிஸின் இரண்டு பக்கத்து நீளச் சட்டங்களிலும் போல்ட்டு போட்டு நிற்க வேண்டும். பின் கழன்றாலும் டிரெய்லர் தனியாக ஓடிவிடாமல் பிடிக்க இரண்டு சங்கிலிகள், ஒன்றுக்கொன்று குறுக்காக. சங்கிலிக்கு ஆகும் செலவு ஒரு வேளை டீசல் காசு.

டயரின் பக்கச் சுவரில் அளவுக்கு அடுத்து ஓர் எண் இருக்கும். 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும். 106 என்றால் 950. 109 என்றால் 1,030. 112 என்றால் 1,120. முழுக் காற்று இருந்தால்தான் இந்தக் கணக்கு. பிக்கப்களில் பின்னால் பக்கத்துக்கு ஒற்றை டயர்தான் என்பதால் அந்தக் கிலோவை இரண்டால் பெருக்கினால் பின் டயர்கள் சேர்ந்து தாங்கும் உச்சம் தெரிந்துவிடும். காற்றை விடிகாலையில், ஓடாத டயரில் பார்க்க வேண்டும். மதுரைச் சித்திரை வெயிலில் தார் ரோட்டில் ஓடிச் சூடான டயர் கூடுதல் அழுத்தம் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடுவது டயர் வெடிக்க வழி.

எடைமேடையில் மூன்று சீட்டு

மேலூரைத் தொட்டுப் போகும் திருச்சி - மதுரை நான்கு வழிச்சாலையை ஒட்டி எடைமேடைகளுக்குப் பஞ்சமில்லை. தொழிலாளர் துறையின் எடையளவு முத்திரை நடப்பில் உள்ள மேடையாகப் பார்த்து நுழைய வேண்டும். பெரிய மேடைகளில் எண் ஐந்து கிலோ, பத்து கிலோவாகத்தான் தாவும். இந்த வேலைக்கு அது போதும். கூட்டம் இல்லாத மத்தியான நேரமாகப் போனால் மேடைக்காரரும் சலித்துக்கொள்ள மாட்டார்.

முதலில் பாரத்தோடு பிக்கப் மட்டும், டிரெய்லர் இல்லாமல். முன்சக்கரத்தை மட்டும் மேடையில் ஏற்றி ஓர் எண், முழு வண்டியையும் ஏற்றி ஓர் எண். அடுத்து டிரெய்லரை மாட்டி, அதன் சக்கரங்கள் மேடைக்கு வெளியே நிற்கும்படி பிக்கப்பை நிறுத்தி அதே இரண்டு எண். கடைசியாக டிரெய்லரின் சக்கரங்கள் மட்டும் மேடையில். சீட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கதை புரிந்துவிடும்.

ஒரு மாதிரிக் கணக்கு: டிரெய்லர் இல்லாதபோது முன் ஆக்சில் 1,150, முழு வண்டி 3,100. அப்படியானால் பின் ஆக்சில் 1,950. டிரெய்லர் மாட்டிய பிறகு முன் ஆக்சில் 1,090, முழு வண்டி 3,250. பின் ஆக்சில் இப்போது 2,160. முழு வண்டியில் கூடிய 150 கிலோதான் கொக்கியின் முன்பாரம். பின் டயர்களில் 109 என்று எழுதியிருந்தால் இரண்டும் சேர்ந்து தாங்குவது 2,060. கொக்கி மாட்டும்வரை 110 கிலோ இடம் இருந்த டயர், மாட்டியதும் நூறு கிலோ மிஞ்சிப்போனது. மொத்த எடை மட்டும் பார்த்திருந்தால் ஆர்.சி. வரம்புக்குள் நிற்பதாகத் தோன்றியிருக்கலாம். வண்டிக்கு முழு எடைச் சீட்டு ஒன்றை மட்டும் வாங்கிப் பையில் போட்டுக்கொள்வது போதாது என்பதற்கு இதுதான் காரணம்.

எடைமேடைக்குப் போக முடியாதபோது நெல் மண்டியில் மூட்டை நிறுக்கும் பிளாட்பாரத் தராசு கைகொடுக்கும். சமதரையில் டிரெய்லரின் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, அதன் மூக்கைக் கொக்கி உயரத்துக்கே ஒரு முட்டுக்கட்டை வைத்துத் தராசின்மேல் நிறுத்தினால் முன்பாரம் நேராகத் தெரியும். மூக்கு உயர்ந்தாலோ தாழ்ந்தாலோ எண் மாறும். வீட்டில் ஆள் நிற்கும் சின்னத் தராசுதான் இருக்கிறதென்றால் ஒரு பலமான பலகையின் ஒரு முனையைச் செங்கல்லின் மேலும், மூன்றடி தள்ளி மறுமுனையைத் தராசின் மேலும் வைத்து, செங்கல்லிலிருந்து ஓரடியில் மூக்கை இறக்கலாம். பலகையின் எடையைக் கழித்துவிட்டு வரும் எண்ணை மூன்றால் பெருக்கினால் முன்பாரம்.

பிடிபட்டால்

2019-இல் திருத்தப்பட்ட சட்டத்தின் 194-ஆவது பிரிவின்படி அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய். அதற்கு மேல் கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000. மிஞ்சியதை இறக்கும் செலவும் வண்டிக்காரர் தலையில். எடை போட நிறுத்தச் சொல்லியும் நிற்காமல் போனால் 40,000. பாரம் பக்கவாட்டிலோ உயரத்திலோ வரம்பை மீறி நீட்டிக்கொண்டிருந்தால் எடை குறைவாக இருந்தாலும் 20,000. வைக்கோல் ஏற்றுகிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது. சோதிக்கும் அதிகாரி, போகிற வழியில் 10 கிலோமீட்டருக்குள் எடைமேடை இருந்தால் அங்கே வண்டியைக் கொண்டுபோகச் சொல்லலாம் என்கிறது 114-ஆவது பிரிவு.

டிரெய்லருக்குத் தனிப் பதிவு வேண்டும். சட்டத்தின் 61-ஆவது பிரிவு அதைச் சொல்கிறது. 2018-இல் மத்திய அரசு லாரிகளின் ஆக்சில் எடையை உயர்த்தியது. இரண்டு ஆக்சில் லாரிக்கு 16.2 டன்னிலிருந்து 18.5 டன் ஆனது. "இப்ப கால் பங்கு கூட ஏத்தலாம்ல" என்று அன்று கிளம்பிய பேச்சு டீக்கடைகளில் இன்னும் ஓயவில்லை. அதை வைத்துச் சின்ன பிக்கப்பின் ஆர்.சி. எண் தானாக உயர்ந்துவிடாது. ஓட்டுநர் உரிமத்தில் மட்டும் ஒரு நிம்மதி: 7,500 கிலோ வரையிலான சரக்கு வண்டியை இலகுரக வாகன உரிமத்திலேயே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதிசெய்தது.

இறக்கத்திலும் அழகர்கோவிலிலும்

மிக்சர், கம்ப்ரெசர் போன்றவற்றுக்குப் பெரும்பாலும் பிரேக் கிடையாது. அவற்றை நிறுத்தும் வேலையும் பிக்கப்பின் பிரேக்குக்குத்தான். 60-லிருந்து 80 கிலோமீட்டருக்கு வேகம் கூட்டினால் நிறுத்த வேண்டிய ஆற்றல் முக்கால் பங்குக்கு மேல் கூடுகிறது. நான்கு வழிச்சாலையில் மிக்சரைக் கட்டிக்கொண்டு பஸ்ஸை ஓவர்டேக் செய்கிறவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். பதினெட்டு கொண்டை ஊசி வளைவு உள்ள சிறுமலையிலோ கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கும் ரோட்டிலோ ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். பிரேக்கை மிதித்தபடியே வந்தால் லைனிங் காய்ந்து பாதி மலையில் பெடல் வேலை செய்யாமல் போகும்.

மேலூர் கிராமங்களுக்குக் கேம்பர் வாழ்க்கை புதிதல்ல. கூண்டு வண்டி கட்டிக்கொண்டு அழகர்கோவிலுக்குப் போய், மரத்தடியில் அடுப்புக் கூட்டி, பதினெட்டாம்படிக் கருப்புக்குக் கிடா வெட்டி, ராத்தங்கித் திரும்பிய குடும்பங்கள் இவை. இப்போது கூண்டு வண்டிக்குப் பதில் தார்ப்பாய் போட்ட பிக்கப். கேரளம் 2021-இல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே ஒரு கொள்கை அறிவித்தது; இந்தப் பக்கமும் கேம்பர் மாட்டிய வண்டிகள் வரத்தான் போகின்றன. இன்றைக்கு அழகர்கோவிலுக்கு ஒரு பயணம் என்றால் ஆட்களை வேனில் ஏற்றிவிட்டு, அண்டா, விறகு, அரிசி, கிடாவுக்கு மட்டும் பிக்கப் போதும். நிரம்பிய 14.2 கிலோ கேஸ் சிலிண்டர் உருளையோடு சேர்ந்து ஏறக்குறைய 30 கிலோ. இரண்டு சிலிண்டர் ஓர் ஆள் எடை. கனமானதைத் தொட்டியின் முன்பக்கம், கேபினை ஒட்டி அடுக்க வேண்டும். 200 லிட்டர் டிரம்மை ஊரிலேயே நிரப்பிக்கொண்டு போனால் நாலு மூட்டை சிமெண்டை வைத்துக் கட்டியது போல. காலி டிரம்மைக் கொண்டுபோய் இடத்துக்குப் போனபின் நிரப்பிக்கொள்ளலாம். கேம்பரின் தண்ணீர்த் தொட்டிக்கும் அதுவே. தொட்டி டிரெய்லரின் மூக்குப் பக்கம் இருந்தால் நிரம்பும்போது முன்பாரம் ஏறும், பின்பக்கம் இருந்தால் இறங்கும். ஆகவே எந்த நிலையில் ஓட்டப் போகிறோமோ அந்த நிலையில்தான் எடைமேடைக்குக் கொண்டுபோக வேண்டும்.